மூன்று சக்கர வண்டிக்கு மோட்டார் சைக்கிளின் பின் சஸ்பென்ஷன்: எதை எடுப்பது, எதை விடுவது

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்து மூன்று சக்கர வண்டி கட்ட நினைப்பவருக்கு, அதன் பின்பாதி கிட்டத்தட்ட முடிந்த வேலையாகவே தோன்றும். எஞ்சின், செயின், பிரேக், சக்கரம், அந்தச் சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங் ஆர்ம், அதைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் என எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி, தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்த நிலையில் நிற்கின்றன. ஆனால் அவை பொருந்தியிருப்பது சாய்ந்து திரும்பும் ஒரு வண்டிக்கு. நாம் கட்டப்போவதோ நிமிர்ந்தபடியே திரும்பும் வண்டி. எந்த உதிரியை அப்படியே எடுக்கலாம், எதைப் பலப்படுத்தி எடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்ற கணக்கு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டினால் மாறிவிடுகிறது. (திருப்பத்தில் சாய்கிற மூன்று சக்கர வண்டிகளும் உண்டு, அவற்றின் இயக்கமே வேறு என்பதால் இங்கே அவற்றைச் சேர்க்கவில்லை.)

முடிவெடுப்பவர் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். முன்னால் இரண்டு சக்கரம் வைத்து, மோட்டார் சைக்கிளின் பின்பாதியை வெட்டாமல் அப்படியே பின்னால் இணைப்பது ஒன்று. ஸ்கூட்டரின் எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த ஒற்றைத் தொகுதியைப் பின்னால் மாட்டுவது இன்னொன்று. பின்னால் இரண்டு சக்கரம் வேண்டுமென்றால், ஸ்விங் ஆர்மை அகலப்படுத்தி அதில் நீள ஆக்ஸில் ஒன்றைப் பூட்டுவது மூன்றாவது. ஷாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆர்ம்களை நாமே செய்துகொள்வது நான்காவது. இவற்றை ஒப்பிடும் முன்பு நெம்பு விகிதம் என்ற ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வீட்டுப் பட்டறை வண்டிகளில் சஸ்பென்ஷன் கெடுவது பெரும்பாலும் வெல்டிங்கினால் அல்ல, இந்தக் கணக்கைப் போடாமல் விட்டதனால்தான்.

ஷாக்கோடு கூடவே வரும் விகிதம்

சக்கரம் 100 மி.மீ. மேலே ஏறும்போது ஷாக் 50 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது என்றால் அதன் நெம்பு விகிதம் 0.5. சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. வர்க்கம் ஏன் என்றால், நெம்புகோலில் விசை ஒருமுறை பாதியாகிறது, ஸ்பிரிங் அமுங்கும் தூரமும் பாதியாகிறது. இரண்டும் சேர்ந்து சக்கரத்தில் கால் பங்கு விறைப்புதான் மிஞ்சுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம்; பயணத்தின் சுகமும் சக்கரத்தின் பிடிப்பும் இதில்தான் தீர்மானமாகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு வண்டியை வைத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து மொத்த எடை 420 கிலோ. முன்னால் இரண்டு சக்கரம். எடையில் 65 விழுக்காடு முன்னால், 35 விழுக்காடு பின்னால். பின்சக்கரத்தின் மேல் 147 கிலோ விழுகிறது. அதில் சக்கரம், டயர், பிரேக், ஸ்விங் ஆர்மின் ஒரு பங்கு ஆகியவற்றைக் கழித்தால் ஸ்பிரிங் தாங்க வேண்டியது ஏறத்தாழ 120 கிலோ. இத்தகைய இலேசான வண்டிக்கு நொடிக்கு 2 அதிர்வுகள் என்ற இயல்பதிர்வெண் (ஸ்பிரிங்கின் மேல் வண்டி தானாக மேலும் கீழும் ஆடும் வேகம்) ஒரு நியாயமான இலக்கு. அதற்குச் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 19 நியூட்டன் அளவில் விறைப்பு வேண்டும். பின்னால் ஒருவர் கூடுதலாக ஏறி, அவர் எடையில் 42 கிலோ பின்சக்கரத்தின் மேல் விழுந்தால், வண்டியின் பின்பகுதி சுமார் 22 மி.மீ. இறங்கும், அது ஏற்கத்தக்கதே.

அதே 19 நியூட்டனை எட்டுவதற்கு ஒவ்வொரு அமைப்பிலும் வேண்டிய ஸ்பிரிங் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஆக்ஸிலுக்கு அருகில் நிமிர்ந்து நிற்கும் இரட்டை ஷாக்கில் விகிதம் 0.9 என்று கொண்டால், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் மில்லிமீட்டருக்குச் சுமார் 12 நியூட்டன் இருந்தால் போதும். லிங்கேஜ் (ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவே வரும் நெம்புகோல் இணைப்பு) இல்லாமல் நேரடியாக மாட்டிய மோனோஷாக்கில் (சக்கரத்துக்கு ஒரே ஷாக்), விகிதம் 0.5 ஆக இருந்தால், 76 நியூட்டன் வேண்டும். லிங்கேஜ் உள்ள மோனோஷாக்கில் விகிதம் 0.4-க்கு இறங்கினால் தேவை 118 நியூட்டனுக்கு ஏறிவிடுகிறது. சக்கரம் உணர்வது மூன்றிலும் ஒன்றுதான். கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் ஒரு ஸ்பிரிங் பேனா ஸ்பிரிங் போலவும் மற்றொன்று லாரி ஸ்பிரிங் போலவும் தெரிகிறது.

இங்கேதான் கண் ஏமாற்றும். நானே ஒருமுறை, "தடியான ஸ்பிரிங், நல்ல ஷாக்" என்று எண்ணி, லிங்கேஜ் மோனோஷாக்குகள் இரண்டை, சக்கரத்துக்கு ஒன்றாக, நேராகச் சக்கரத்தின் அருகே மாட்டினேன். மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் ஸ்பிரிங்கை 0.9 விகிதத்தில் மாட்டினால் சக்கரத்தில் 81 நியூட்டன் விறைப்பு வருகிறது. 120 கிலோவுக்கு அதிர்வெண் நொடிக்கு 4-ஐத் தாண்டுகிறது. வண்டி முழு எடையோடு நின்றபோது 15 மி.மீ. கூட இறங்கவில்லை. ஓட்டிப் பார்த்தபோது மாட்டு வண்டியே மேல் என்றிருந்தது. மென்மையான ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினேன், அப்போதும் சரியாகவில்லை. காரணம், ஷாக்கின் உள்ளே வால்வு வழியாக எண்ணெய் ஓடித் துள்ளலை அடக்கும் தணிப்பும் அதே வர்க்கக் கணக்கில்தான் சக்கரத்துக்குப் போகிறது. 0.4 விகிதத்துக்கு வால்வு வைத்த ஷாக்கை 0.9-இல் மாட்டினால் தணிப்பு 5 மடங்காகிவிடும். அமுங்கிய சக்கரம் திரும்பி இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர்ந்து மேடுபள்ளம் வந்தால் வண்டி படிப்படியாகக் கீழே அமர்ந்துகொண்டே போகும். ஸ்பிரிங்கை மாற்றலாம், வால்வை வீட்டில் மாற்றுவது எளிதல்ல. ஆகவே ஷாக்கை எடுக்கும்போது அது பழகிய விகிதத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், அல்லது அந்த விகிதத்தைப் புதிய வண்டியில் மீண்டும் உண்டாக்கித் தர வேண்டும். நான்கு வழிகளையும் நான் இந்த உரைகல்லில் உரசித்தான் பார்க்கிறேன்.

விகிதத்தை அளப்பது கடினமன்று. மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி உறுதியாகக் கட்டிவிட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றிய ஷாக்கை மட்டும் மாட்டி, பின்சக்கரத்தை ஜாக்கியால் 10 மி.மீ., 10 மி.மீ. ஆக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஷாக்கின் மேல் கண்ணுக்கும் (பொருத்தும் துளை) கீழ்க் கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். லிங்கேஜ் உள்ள வண்டியில் தொடக்கத்தில் 10 மி.மீட்டருக்கு 3.8 மி.மீ. அமுங்கிய ஷாக், பயணத்தின் முடிவில் 4.5 மி.மீ. அமுங்குவதைக் காணலாம், போகப்போக விறைக்கும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்கான அமுக்கிக் கருவியே வேண்டும். கயிறும் கடப்பாரையும் வைத்து முயல்வது கையை இழக்கும் வழி. நைட்ரஜன் நிரப்பிய ஷாக்கின் உடலில் வெல்டிங் செய்வதோ துளையிடுவதோ கூடவே கூடாது.

ஷாக்கின் மேலிருக்கும் வளையத்தைத் திருகி முன்னழுத்தத்தைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சீரான சுருள் ஸ்பிரிங்கில் அது வண்டியின் நிற்கும் உயரத்தை மாற்றுமே தவிர, விறைப்பை மாற்றாது.

பின்பாதியை அப்படியே இணைப்பது

முன்னால் இரண்டு சக்கரம் வைக்கும் வண்டிக்கு இந்த வழியில் பெரிய ஆதாயம் ஒன்று இருக்கிறது. 170 கிலோ மோட்டார் சைக்கிளில் 75 கிலோ மனிதர் அமர்ந்தால் பின்சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 130 கிலோ விழும். நம் எடுத்துக்காட்டு வண்டியில் விழுவது 147 கிலோ. அதாவது பின் ஷாக் தான் இதுவரை சுமந்த சுமையைத்தான் இனியும் சுமக்கப்போகிறது. ஸ்விங் ஆர்மின் நீளம், ஷாக்கின் கோணம், லிங்கேஜ் எதையும் தொடாமல் விட்டால் நெம்பு விகிதமும் தணிப்பும் அப்படியே இருக்கும். செயினின் நேர்கோடும், முடுக்கும்போது வண்டியின் பின்பகுதி அமராமல் தாங்கும் கோணமும், பின்சக்கர மையத்தில் அதிர்வை வாங்கும் ரப்பர்த் துண்டுகளும் கூடவே வந்துவிடுகின்றன. சேசிஸ் வேலையாக மிஞ்சுவது முன்பகுதி மட்டும்தான்.

இந்த அமைப்பு புதிதும் அல்ல. 1910-இல் காட்சிக்கு வந்த மார்கன் மூன்று சக்கர வண்டியிலேயே பின்னால் ஒற்றைச் சக்கரம், செயின், இலை ஸ்பிரிங்குகள் தாங்கிய கவை என்ற ஏற்பாடு இருந்தது. நம் காலத்தில் 2007-இல் வந்த கான்-ஆம் ஸ்பைடரும், 2014-இல் வந்த போலாரிஸ் ஸ்லிங்ஷாட்டும் பின்னால் ஒற்றைச் சக்கரத்தை ஸ்விங் ஆர்மிலேயே வைத்திருக்கின்றன. ஆனால் அந்த இரண்டிலும் ஸ்விங் ஆர்ம் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது அல்ல. டயரும் வட்ட முதுகு கொண்டதல்ல, தட்டையான கார் வகை. அந்த இரண்டு மாற்றங்களையும் அவர்கள் ஏன் செய்தார்கள் என்பதில்தான் இந்த வழியின் பலவீனம் அடங்கியிருக்கிறது.

மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் சாயும்போது எடையும் மைய விலக்கும் சேர்ந்த விசை கிட்டத்தட்டச் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டில் ஏறக்குறைய எதையும் தாங்குவதில்லை. சாயாத வண்டியில் அந்த விசை முழுவதும் பக்கவாட்டில் வருகிறது. 147 கிலோ சுமக்கும் சக்கரம், புவியீர்ப்பின் 0.6 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்தில் திரும்பினால், தரையில் பக்கவாட்டாக 865 நியூட்டன் விசை பிறக்கும். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் என்றால் ஸ்விங் ஆர்மை முறுக்கும் திருப்புவிசை 260 நியூட்டன் மீட்டர். ஆர்மின் நீளம் 0.5 மீட்டர் என்றால் அதைப் பக்கவாட்டில் வளைக்கும் திருப்புவிசை 430 நியூட்டன் மீட்டர். ஸ்விங் ஆர்ம் சட்டத்தில் ஆடும் அச்சான பிவட்டின் பேரிங்குகள் இரண்டும் 0.2 மீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒவ்வொன்றின் மேலும் சுமார் 2,500 நியூட்டன், அதாவது கால் டன் எடைக்கு ஈடான விசை ஏறுகிறது. மோட்டார் சைக்கிளில் இருந்தபோது அந்தப் பேரிங் இப்படியொரு சுமையைக் கண்டதே இல்லை. செயின் இழுப்பு இதற்கு மேல் தனி.

சக்கர பேரிங்கிலும் இதே கதைதான். 260 நியூட்டன் மீட்டரை 100 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு பேரிங்குகள் பகிர்ந்துகொண்டால், எடையையும் சேர்த்து ஒன்றின் மேல் 3,300 நியூட்டன் வருகிறது. சிறிய வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 6203 பேரிங்கின் நிலைச்சுமைத் திறன் 4,750 நியூட்டன். சமமான சாலையில் போதுமென்று தோன்றும். திருப்பத்திலேயே ஒரு பள்ளம் குறுக்கிட்டால் அந்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். 5,400 நியூட்டன் திறனுள்ள 6302-க்கு மாறினாலும் ஓரளவுக்குத்தான் நிம்மதி. உண்மையான தீர்வு பேரிங்குகளின் இடைவெளியைக் கூட்டுவதில் இருக்கிறது.

ஆகவே இந்த வழியைத் தேர்பவர் செய்ய வேண்டியவை தெளிவானவை. எஃகுக் குழாயால் அல்லது பெட்டிக் குழாயால் ஆன ஸ்விங் ஆர்ம் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதன் மேல் முக்கோண வலுவூட்டல்களை நம்பிக்கையோடு பற்றவைக்கலாம். அலுமினிய ஆர்மில் பற்றவைத்தால் பற்றின் ஓரத்தில் உலோகம் தன் பலத்தை இழக்கும், வெப்பப் பதப்படுத்தல் இல்லாமல் அது திரும்பாது. பிவட்டில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ் இருந்தால் அகற்றிவிட்டு, பக்கவாட்டு விசையையும் தாங்கும் கூம்பு உருளை பேரிங்குகளுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் உறையின் வழியாகவே பிவட் தண்டு போகிற வண்டிகளில், பக்கவாட்டு விசை முழுவதும் அந்த அலுமினிய உறையின் காதுகளில் இறங்கும். அத்தகைய எஞ்சினை நான் இந்த வேலைக்கு எடுக்க மாட்டேன். கம்பிச் சக்கரத்தையும் விட்டுவிடலாம். மோட்டார் சைக்கிளோடு பக்கவண்டி இணைத்து ஓட்டுபவர்கள் நீண்ட காலமாக அறிந்த பாடம் இது: சாயாத சக்கரத்தில் கம்பிகள் முதலில் தளரும், பிறகு ஒவ்வொன்றாக ஒடியும்.

வட்ட முதுகு கொண்ட மோட்டார் சைக்கிள் டயர் நிமிர்ந்தே ஓடும்போது நடுப்பட்டை மட்டும் தேய்ந்து சீக்கிரம் தட்டையாகிவிடும். அதற்காக மோட்டார் சைக்கிள் விளிம்பில் கார் டயரை ஏற்றுவது சரியல்ல. இரண்டிலும் டயரின் ஓரம் அமரும் இடத்தின் வடிவம் வேறு. கார் டயர் வேண்டுமென்றால் கார் விளிம்பையே கொண்டுவந்து, அதற்கேற்ற மையத்தைக் கடைந்துகொள்ள வேண்டும்.

பழைய ஸ்விங் ஆர்மை வாங்கும்போது பிவட் தண்டை உருவி, உள்ளிருக்கும் எஃகுக் குழலைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி பேரிங்கின் உருளைகள் ஒரே இடத்தில் அடித்து அடித்து, நகத்தால் தடவினால் தட்டுப்படும்படி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். கிரீஸ் காய்ந்து துருப்பொடியோடு சேர்ந்து செங்கல் தூள் நிறத்தில் உதிர்ந்தால் பேரிங்கும் குழலும் இரண்டுமே போய்விட்டன என்று பொருள். ஆக்ஸில் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் உணரப்படும் ஒரு மில்லிமீட்டர் தளர்வு, மோட்டார் சைக்கிளில் வெறும் தள்ளாட்டமாகத் தெரியும். இங்கே அது பின்சக்கரமே தானாகத் திருப்புவது போன்ற உணர்வைத் தரும்.

ஸ்கூட்டர் தொகுதி

1946-இல் வந்த வெஸ்பாவிலேயே எஞ்சின் தானே பின்சக்கரத்தின் ஆர்மாக ஆடும் ஏற்பாடு இருந்தது. அதன் வழிவந்த மூன்று சக்கர வண்டியான ஆப்பே 1948-இல் வெளிவந்தது. எஞ்சின், பெல்ட் கியர், பிரேக், சக்கரம் எல்லாம் ஒரே தொகுதியாக இருப்பதால் இதைப் பொருத்துவதைவிட எளிய வேலை இல்லை. எடை குறைவான, ஒருவர் மட்டும் அமரும் வண்டிக்கு நான் இதை மறுக்க மாட்டேன். ஆனால் தொகுதியைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கு இணைப்பில் அதிர்வு கடத்தாமலிருக்க வைத்த ரப்பர் புஷ்கள், பக்கவாட்டு விசையில் நெளிந்து சக்கரத்தைத் திசைமாற்றுகின்றன. ஷாக் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால் அந்த நெளிவு இரண்டு பக்கமும் ஒரே அளவாகவும் இருப்பதில்லை. எஞ்சினின் எடை முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளுவதால் கரடான பாதையில் பிடிப்பும் குறையும். இரண்டு பேர் அமரும் வண்டி என்றால் இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

ஸ்விங் ஆர்மில் நீள ஆக்ஸில்

பின்னால் இரண்டு சக்கரம் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் நினைப்பது இதைத்தான்: ஸ்விங் ஆர்மை அகலப்படுத்தி, நடுவில் ஸ்பிராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பூட்டிய ஒரே ஆக்ஸிலை வைத்து, பழைய ஷாக்கை அப்படியே விடுவது. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஒரே பிவட் தண்டில் ஆடும் ஆர்ம் மேலும் கீழும்தான் போகும், இடம் வலமாகச் சாயாது. ஆகவே ஒரு சக்கரம் மட்டும் 50 மி.மீ. மேட்டில் ஏறினால், சக்கரங்களின் இடைவெளி 1.2 மீட்டர் என்று கொண்டால், ஆக்ஸில் 2.4 பாகை சாயும், அதோடு வண்டியின் உடலும் அதே அளவு சாயும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓட்டுநரின் தோள் 42 மி.மீ. பக்கவாட்டில் தள்ளப்படும், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். உடலின் நிலைமம் அதை எதிர்க்கும்போது முறுக்கு முழுவதும் ஸ்விங் ஆர்மின் குறுக்குக் குழாயில் இறங்குகிறது. வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுவது அங்கேதான். பெயின்ட் அடித்துவிட்டால் அது கண்ணிலும் படாது.

இந்த வழியை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு என் யோசனை, மோட்டார் சைக்கிளைவிட விளையாட்டு வகை நான்கு சக்கர ஏடிவியின் (கரடான நிலத்தில் ஓட்டும் சிறு வண்டி) பின் ஸ்விங் ஆர்மைத் தேடுவது. அதில் நீள ஆக்ஸிலும் அதற்கான பேரிங் உறையும் செயின் இழுவையைச் சரிசெய்யும் ஏற்பாடும் மோனோஷாக்கும் முதலிலிருந்தே பக்கவாட்டு விசைக்கென்று செய்யப்பட்டவை. அங்கும் இரண்டு சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் இறுகப் பூட்டியிருப்பதால், மண்ணில் சறுக்கிக்கொண்டு திரும்புவது சரி. கெட்டிச் சாலையில் முன்சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே பார்க்கும். முன்னால் ஒரே சக்கரம், அதுவும் குறைந்த எடையோடு இருக்கும் வண்டியில் இது தொல்லையல்ல, ஆபத்து. திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் ஒன்றை ஆக்ஸிலில் பொருத்தினால் அந்தக் குறை தீரும், ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடும். ஒரே சக்கரத்தை மட்டும் ஓட்டுவது மலிவான வழி. முடுக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் இழுப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஷாக்கை மட்டும் எடுப்பது

சஸ்பென்ஷன் ஆர்ம்களை நாமே செய்து, ஷாக்கை மட்டும் கடன் வாங்குவது பார்வைக்கு அதிக வேலை. கணக்குப் போடுபவருக்கு இதுவே அதிகச் சுதந்திரமும் தருகிறது. முன்சக்கரங்களுக்கான இரட்டை விஷ்போன் (மேலும் கீழுமாகச் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கவை வடிவ ஆர்ம்கள்) ஆனாலும், பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக வைக்கும் இழுவை ஆர்ம் (முன்னால் பிவட்டும் பின்னால் சக்கரமும் உள்ள ஆர்ம்) ஆனாலும், எந்த ஷாக் என்ற கேள்விதான் முதலில் வரும்.

இரட்டை ஷாக் வண்டியிலிருந்து எடுத்த ஜோடி சக்கரத்தின் அருகே நிமிர்ந்து நிற்கப் பழகியது. அதை 0.8 முதல் 0.9 வரையிலான விகிதத்தில் மாட்டினால் தணிப்பும் ஓரளவுக்கு இயல்பாகவே அமையும். ஆனால் மோட்டார் சைக்கிளில் இரண்டும் சேர்ந்து ஒரே சக்கரத்தைத் தாங்கின. இப்போது ஒவ்வொன்றும் தனியாக ஒரு சக்கரத்தைத் தாங்க வேண்டும். சக்கரத்தின் மேல் விழும் எடை அதேயளவு என்றால் ஸ்பிரிங் இரு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். நம் கணக்கில் 12 நியூட்டனுக்குப் பதில் 23. தணிப்பும் தேவைக்குப் பாதிதான் இருக்கும், வண்டி மேட்டைத் தாண்டிய பின்னும் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும். அதனால் கனமான, இருவர் பயணத்துக்கென்று செய்த வண்டியின் ஜோடியைத் தேடுவது நல்லது. அல்லது சக்கரத்துக்கு இரண்டாக நான்கு ஷாக் மாட்டலாம், அசிங்கமாகத் தெரிந்தாலும் கணக்கு நேராகிவிடும். இன்னொன்று, விலை குறைந்த இரட்டை ஷாக்குகளில் எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருப்பதால் அவற்றை நிமிர்ந்தே மாட்ட வேண்டும். படுக்கவைத்தால் வால்வுக்குள் காற்று புகுந்து தணிப்பு விட்டுவிட்டு வரும். மிதக்கும் பிஸ்டன் வைத்த வாயு ஷாக்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பொருத்தும் ஆணியையும் கவனிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் அந்த ஷாக் ஒரு பக்கம் மட்டும் தாங்கிய ஆணியில் தொங்கும். அங்கே அதன் பங்கு பாதிச் சுமை. இங்கே முழுச் சுமையும், பள்ளத்தில் விழும்போது அதன் மூன்று மடங்கும் அந்த ஆணியின் வேரில் இறங்கும். இரண்டு பக்கமும் தகடு வைத்து நடுவில் ஷாக்கின் கண்ணைப் பிடிக்கும் கவட்டைப் பிராக்கெட் செய்வது ஒரு மணி நேர வேலை. அதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

மோனோஷாக்கை எடுத்தால் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் ஸ்பிரிங் கொண்ட ஷாக்கை 0.45 விகிதத்தில் வைத்தால் சக்கரத்தில் 20 நியூட்டன் கிடைக்கிறது, மிகச் சரி. அந்த விகிதத்துக்காக அதை விஷ்போன் ஆர்மின் நடுவில் மாட்டினால், 115 கிலோவைத் தாங்க வேண்டிய சக்கரத்துக்கு ஆர்மின் நடுவில் சும்மா நிற்கும்போதே 2,500 நியூட்டன் விசை இறங்கும். மூன்று மடங்கு குலுக்கலில் 7,500. இழுவிசைக்காக மட்டும் செய்த மெல்லிய குழாய் அங்கே வளைந்துவிடும். கீழ் ஆர்மைப் பெட்டிக் குழாயில் செய்ய வேண்டும், அல்லது தள்ளுகோலும் (சக்கரத்தின் அசைவை மேலே கடத்தும் கம்பி) ஆடு கைப்பிடியும் (அந்த அசைவை ஷாக்கின் பக்கம் திருப்பும் இரு கை நெம்புகோல்) வைத்து ஷாக்கைச் சட்டத்தின் மேல் படுக்கவைத்து, விகிதத்தை அந்தக் கைப்பிடியின் இரு கைகளின் நீளத்தில் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது வழியில் கைப்பிடியை மாற்றி விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஒரே மாதிரி இரண்டு மோனோஷாக்குகள், ஒரே அளவு தேய்ந்தவையாகக் கிடைக்க வேண்டும் என்பது மட்டும் தொல்லை. ஒன்று எண்ணெய் கசிந்ததாக இருந்தால் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் தலைகுனியும்.

பின்சக்கரங்களுக்கு இழுவை ஆர்ம் வைப்பவர்கள், உடல் சாயும் அதே அளவுக்கு இரண்டு சக்கரமும் வெளிப்பக்கம் சாயும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முதல் வழியில் குறையாக இருந்த வட்ட முதுகு டயர் இங்கே அந்தச் சாய்வைத் தட்டை டயரைவிடக் கௌரவமாகவே தாங்குகிறது. ஆனால் இங்கே இழுவிசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோக டிஃபரென்ஷியலும் இணைப்புகள் கொண்ட அரைத் தண்டுகளும் வேண்டியிருப்பதால், மோட்டார் சைக்கிள் உதிரிகளின் உதவி ஷாக்கோடு முடிந்துவிடுகிறது.

முதல் வண்டி கட்டுபவருக்கு நான் சொல்வது

இருவர் அமரும், சாலையில் ஓடும் வண்டி என்றால், பின்பாதியை அப்படியே இணைத்து, முன்னால் விஷ்போனும் கனமான இரட்டை ஷாக் ஜோடியும் வைப்பதையே நான் தேர்வேன். பின் ஒற்றைச் சக்கரம் உடல் சாய்வதைத் தடுப்பதில் எந்தப் பங்கும் எடுக்காது என்பதால், அந்த வேலை முழுவதையும் முன் ஸ்பிரிங்குகளும் தேவையானால் ஒரு சாய்வுத் தடுப்புக் கம்பியும் செய்ய வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் சேர்த்துவிடலாம். கவிழ்வதைப் பற்றிய கணக்கும் இந்தப் பக்கமே சாய்கிறது: முன்னால் இரண்டு சக்கரமும் எடையின் பெரும்பங்கும் இருந்தால், திருப்பத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை அகலமான பக்கத்துக்கே போகிறது, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில் அதே நேரத்தில் அது ஒற்றைச் சக்கரத்தின் பக்கம் போகிறது. சரக்கு ஏற்றுவதுதான் நோக்கம் என்றால் மட்டும் பின்னால் இரண்டு சக்கரம் நியாயம்; அப்போது நீள ஆக்ஸிலை விடத் தனித்தனி இழுவை ஆர்மே மேல்.

மூல வண்டியை வெட்டும் முன்பு எடுக்க வேண்டிய அளவுகள் நான்கு: ஓட்டுநர் அமர்ந்த நிலையில் ஷாக்கின் கண்ணுக்குக் கண் தூரம், தரையிலிருந்து பிவட்டின் உயரம், ஆக்ஸிலின் உயரம், எஞ்சின் ஸ்பிராக்கெட்டின் தளத்துக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் இடையிலான தூரம். செயின் தளர்வை ஸ்பிராக்கெட் மையம், பிவட், ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும், செயின் அதிகம் இறுகுவது அங்கேதான். பிவட் தகடுகளை இருபுறமும் ஒரு சாண் குழாயோடு சேர்த்து வெட்டி, புதிய சட்டத்தில் பற்றவைத்து முடிக்கும் வரை, பிவட் துளைகளின் வழியாகக் கடைந்த ஒரு முழு நீளத் தண்டைச் செருகியே வைத்திருங்கள். வெப்பத்தில் தகடுகள் இழுத்துக்கொண்டால், ஆறிய பிறகு அந்தத் தண்டு கையால் உருவ வராது, தவறு அப்போதே தெரிந்துவிடும்.